நாலு கம்பியும் ஒரு ஃபில்லர் கேஜும்

எங்கள் சர்ச்சில் பேஸ் கிட்டார் வாசித்த பையனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. கிட்டாரோடு மலையிறங்கிவிட்டான். அவன் இருந்தவரை அவன் வாசிப்பதை யாரும் கவனித்ததில்லை. அடுத்த ஞாயிறு பாட்டு ஆரம்பித்ததுமே ஏதோ குறைகிறது என்று கடைசி வரிசைப் பாட்டிக்குக்கூடத் தெரிந்துவிட்டது. கீபோர்டு அக்கா இரண்டு வாரம் இடது கையால் பேஸையும் சேர்த்து வாசித்துப் பார்த்தார். மூன்றாவது வாரம் என்னைப் பிடித்தார். “தம்பி, நீ கிட்டார் வாசிக்கிறவன்தானே? ரெண்டு கம்பி கம்மி, அவ்வளவுதான். எடுத்துக்கோ.”

ரெண்டு கம்பி கம்மி என்று நானும் நம்பினேன். அதற்கு 8,500 ரூபாய் தண்டம் கட்டினேன்.

குன்னூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் எனக்கு இலைக் கணக்கு எழுதுகிற வேலை. குவார்ட்டர்ஸில் ஜாகை. இந்தப் பக்கம் பேஸ் கிட்டாரைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கக் கடை கிடையாது. அதனால் போனில் படம் பார்த்து வாங்கினேன். பளபளவென்று ஓரம் கருத்து நடுவில் மஞ்சளாக மங்கும் பெயின்ட், கூடவே பை, கேபிள், பட்டை எல்லாம் இலவசம். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. அதே பெயரில் நல்லதும் வந்திருக்கலாம். எனக்கு வந்தது நன்றாக இல்லை, அவ்வளவே.

பெட்டியைப் பிரித்த அன்று எனக்கு எதுவும் புரியவில்லை. ஒன்று மட்டும் உறைத்தது. இது கிட்டாரின் தம்பி இல்லை, வேறு சாதி. சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பியின் நீளம் சுமார் 25 அங்குலம். பேஸில் 34 அங்குலம். நெக், அதாவது கிட்டாரின் நீளக் கழுத்து, அதன் குறுக்கே பதித்த உலோக வரிகள்தான் ஃபிரெட். முதல் ஃபிரெட்டிலிருந்து நான்காம் ஃபிரெட் வரை கிட்டாரில் 10 செ.மீ.கூட வராது, பேஸில் 13 செ.மீ. கிட்டார் பழக்கத்தில் விரலுக்கு ஒரு ஃபிரெட் என்று விரித்துப் பிடித்ததில் ஒரே வாரத்தில் மணிக்கட்டு வலி வந்தது. நின்று வாசிக்கும் பெரிய டபுள் பேஸ்காரர்கள் தலைப் பக்கம் வாசிக்கும்போது மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து ஒரே விரல் மாதிரி வைப்பார்கள் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதன் பிறகு வலி இல்லை.

வலி போன பிறகும் சுதி சேரவில்லை. நாலு கம்பியையும் டியூனரில் வைத்து இ, ஏ, டி, ஜி என்று சரியாகக் கட்டிவிடுவேன். முதல் ஃபிரெட்டில் எஃப் பிடித்தால் கீபோர்டு அக்கா முகத்தைச் சுளிப்பார். திறந்த கம்பி சரியாக இருக்கிறது, விரல் வைத்தால் ஏறிவிடுகிறது. என் அழுத்தம் அதிகம், என் காது மோசம் என்று மூன்று மாதம் என்னையே திட்டிக்கொண்டேன். இளையராஜா பாட்டுகளில் சசிதரன் வாசித்த பேஸைக் கேட்டு வளர்ந்த காது, இப்படியா போக வேண்டும் என்று வருத்தம் வேறு.

அமெரிக்காவில் கிட்டார் செய்த லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பேஸுக்குப் ‘பிரிசிஷன்’, அதாவது துல்லியம், என்று பெயர் வைத்ததன் காரணமே ஃபிரெட்தான். டபுள் பேஸில் விரலை எங்கே வைப்பது என்று காதுதான் சொல்ல வேண்டும். ஃபிரெட் இருந்தால் வைத்த இடத்தில் சுரம் துல்லியமாக வரும். என் கையில் இருந்ததில் ஃபிரெட் இருந்தது, துல்லியம் இல்லை.

குற்றம் என் காதில் இல்லை என்று கண்டுபிடித்தவர் எங்கள் ஃபேக்டரி ஃபிட்டர். ஓவர்டைம் கணக்கு கேட்க குவார்ட்டர்ஸுக்கு வந்தவர், கட்டிலில் கிடந்ததை எடுத்து, வளைந்த ஷாஃப்ட்டைப் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தார்.

“இதென்ன தம்பி, வில்லு மாதிரி இருக்குது?”

“அப்படித்தான் கொஞ்சம் இருக்கணும்ங்ணா.”

“கொஞ்சம்னா எவ்வளவு? அளவு சொல்லுங்க.”

அந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்டதே இல்லை. இரவு தேடிப் படித்தேன். மறுநாள் அவர் ஃபில்லர் கேஜோடு வந்தார். விசிறி மாதிரி விரியும் மெல்லிய இரும்புத் தகடுகள், ஒவ்வொன்றிலும் கனம் பொறித்திருக்கும். எஞ்சின் வால்வு இடைவெளி பார்க்கிற சாமான். இ கம்பியை முதல் ஃபிரெட்டில் ஒரு கையாலும், நெக் உடம்போடு சேரும் இடத்து ஃபிரெட்டில் இன்னொரு கையாலும் நான் அழுத்திப் பிடித்தேன். இப்போது கம்பியே நேரான ஸ்கேல். ஏழாம் எட்டாம் ஃபிரெட் பக்கம் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே அவர் தகட்டை நுழைத்தார். 0.30 மி.மீ. தாராளமாகப் போனது. அங்கேயே நின்றிருக்க வேண்டும். 0.50 போனது. 0.80 போனது. ஒரு மில்லி தகடுதான் கம்பியைத் தொட்டது.

நெக்குக்குள் ட்ரஸ் ராட் என்று ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. நாலு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 70, 80 கிலோ இழுக்கின்றன. ஒன்றரை மூட்டை சிமென்ட் எந்நேரமும் நெக்கை முன்னால் இழுத்துக்கொண்டிருக்கிற கணக்கு. ட்ரஸ் ராட் அதை எதிர்த்துப் பின்னால் இழுக்கிறது. ஆலன் கீ போட்டு வலப்பக்கம் திருகினால் வளைவு குறையும். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் கூடாது. ஃபிட்டர் அண்ணா அதற்கும் குறைவாகவே முயன்றார். கை நின்றுவிட்டது. “மரை முடிஞ்சு போச்சு தம்பி. கம்பெனியிலயே கடைசி வரைக்கும் இறுக்கித்தான் அனுப்பிச்சிருக்கான். இனி திருகினா அறுந்துரும்.”

எஃப் ஏறியதற்கு வேறு காரணம். தலைப் பக்கம் கம்பிகள் உட்காரும் வெள்ளைக் கட்டை, அதான் நட், அதன் பள்ளங்களைப் போதுமான ஆழத்துக்கு அறுக்கவில்லை. கம்பி உயரமாக நின்றது. அதை முதல் ஃபிரெட் வரை அழுத்தும்போதே கம்பி நீண்டு சுதி ஏறிவிடுகிறது. இதைச் சோதிக்க ஒரு சுலப வழி உண்டு. மூன்றாம் ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டின் மேல் இடைவெளி பாருங்கள். ஒரு தாள் போகிற அளவு இருந்தால் சரி. என்னுடையதில் பஸ் பாஸையே நுழைக்கலாம். நட்டை அறுத்துச் சரிசெய்யலாம், பெரிய செலவில்லை. நெக்கைச் சரிசெய்ய முடியாது. அந்தக் கிட்டாரை அன்றோடு விட்டுவிட்டேன்.

இரண்டாவது முறை 18,000 ரூபாய் சேர்த்தேன். அதில் 4,000 ரூபாயைக் கிட்டார் விலையில் சேர்க்கவே இல்லை. புதுக் கம்பி, அகலப் பட்டை, ஹெட்ஃபோன் ஆம்ப் இதற்கெல்லாம் என்று தனியாக எடுத்துவைத்தேன். என்னைக் கேட்டால் குறைந்த விலைக் கிட்டார் வாங்குகிறவர் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். இருபதாயிரம் இருக்கிறது என்று இருபதாயிரத்துக்கே கிட்டார் வாங்கி, பழைய கம்பியோடும் சரிசெய்யாத உயரத்தோடும் வாசிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

எந்த மாடல் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஃபெண்டர் கம்பெனியின் விலை குறைந்த வரிசையான ஸ்கொயரில் அஃபினிட்டி, யமஹாவில் டிஆர்பிஎக்ஸ் 174, ஐபனேஸில் ஜிஎஸ்ஆர் 200, கோர்ட்டில் ஆக்‌ஷன் பேஸ். நம் ஊரில் பேஸ் கற்றுக்கொள்ளத் தொடங்குகிறவர்கள் இந்த நாலைத்தான் சுற்றிச் சுற்றி வருவார்கள். எதுவும் மோசமில்லை. வித்தியாசங்களில் கையில் தெரிகிறது ஒன்று, கரண்டில் தெரிகிறது ஒன்று.

கையில் தெரிவது நெக்கின் அகலம். ஃபெண்டரின் ‘ஜாஸ்’ வகை 1960இல் வந்தது. நட் பக்கம் 38 மி.மீ.தான் இருக்கும். பிரிசிஷன் வகை அதைவிட மூன்று நாலு மில்லி அகலம். மூன்று மில்லியில் என்ன இருக்கிறது என்று தோன்றும். என் கை சின்னது. கடையில் இரண்டையும் பத்து நிமிடம் வாசித்தபோது அந்த மூன்று மில்லி கட்டை விரலின் அடியில் வலியாகத் தெரிந்தது. இன்னும் சின்னக் கை, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்றால் 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் இருக்கிறது, ஸ்கொயர் பிராங்கோ மாதிரி. ஐபனேஸ் மிக்ரோ அதைவிடக் குட்டை, 28.6 அங்குலம். பெரியவர்கள் வாசித்தாலும் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை. இ கம்பி மட்டும் கொஞ்சம் தளர்வாக ஒலிக்கும்.

கரண்டில் தெரிவது பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வைக் கரண்டாக மாற்றும் காந்தச் சுருள். பிரிசிஷனில் 1957 முதல் பிக்கப்பை இரண்டு துண்டாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள். ஒரு துண்டு வாங்கும் கரண்ட் இரைச்சலை மற்றது அடித்துவிடும். ஜாஸில் இரண்டு பிக்கப்பும் முழுதாகத் திறந்திருந்தால் இரைச்சல் அடங்கும். ஒன்றைக் குறைத்தால் ம்ம்ம் என்று கேட்கும். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். இ கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டில் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ். அதாவது ஜி ஸ்கேல் பாட்டில் அந்த இரைச்சல் கூடவே ஒரு சுதிப்பெட்டி போட்ட மாதிரி இருக்கும், கொஞ்சம் ஏறிய சுதிப்பெட்டி. எங்கள் சர்ச்சில் கிறிஸ்துமஸ் சீரியல் லைட் போட்ட நாட்களில் இதை நன்றாகவே அனுபவித்திருக்கிறேன். இரண்டு வகையும் சேர்ந்த ‘பிஜே’ பிக்கப் எனக்குச் சரிப்பட்டது. யமஹா 174இல் இருப்பது அதுதான்.

சிலவற்றுக்குள் 9 வோல்ட் பேட்டரி இருக்கும், ஆக்டிவ் என்பார்கள். ஒலியைக் கூட்டிக் குறைக்க வசதி. ஆனால் கேபிளைச் செருகிய உடனே பேட்டரி ஓட ஆரம்பித்துவிடும். வாசித்து முடித்ததும் பிடுங்கிவைக்க வேண்டும். ஞாபக மறதிக்காரர்கள் பேட்டரி இல்லாததை வாங்குங்கள். நான் வாங்கியதும் அதுதான்.

கோயம்புத்தூர்க் கடையில் ஒரு விஷயம் கண்ணைத் திறந்தது. ஒரே மாடல், ஒரே கலர், இரண்டு கிட்டார் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. ஒன்றை ஒவ்வொரு ஃபிரெட்டாக வாசித்துக்கொண்டு போனேன், சுத்தமாக இருந்தது. மற்றதில் ஜி கம்பி ஒன்பதாம் ஃபிரெட்டுக்கு மேல் கிர்ரென்று இரைந்தது. விலைச் சீட்டு ஒன்றுதான். நான் போனில் ஆர்டர் போட்டிருந்தால் இந்த இரண்டில் எது வந்திருக்கும் என்பது என் அதிர்ஷ்டம்.

நல்லது எதுவோ அது என் கையிருப்பைத் தாண்டியது. கடைசியில் தெரிந்தவர் மூலம் ஒரு காலேஜ் மாணவர் விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் பீளமேட்டில் அவர் அறைக்குப் போனேன். ஆலன் கீ, 15 செ.மீ. ஸ்கேல், ஃபிட்டர் அண்ணாவின் கேஜ் மூன்றும் பையில் இருந்தன. தம்பி என்னை மெக்கானிக் என்றே நினைத்திருப்பார்.

முதலில் பட்டை போட்டு நின்று கையை விட்டேன். தலை கீழே இறங்கவில்லை. சில கிட்டார்களில் தலைப் பக்கம் கனத்து, இடது கையாலேயே தாங்கிப் பிடிக்க வேண்டிவரும். அப்படிப் பிடித்துக்கொண்டு வாசிப்பது சித்திரவதை. அப்புறம் நீளவாக்கில் பார்த்தேன், முறுக்கு இல்லை. கேஜ் வைத்தேன், 0.40 போனது. கொஞ்சம் அதிகம், பரவாயில்லை. அவரிடம் கேட்டுக்கொண்டு ட்ரஸ் ராடை அரைக்கால் சுற்று இறுக்கினேன், வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. என் மனதில் வியாபாரம் அங்கேயே முடிந்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளாமல் மிச்சத்தையும் பார்த்தேன். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் கம்பியின் உயரம் மூன்று மில்லி, இறக்கலாம். உடம்புப் பக்கம் கம்பிகள் முடியும் பிரிட்ஜில், கம்பியைத் தாங்கும் சேடில்களின் குட்டித் திருகுகள் துருப்பிடிக்காமல் திரும்புகின்றனவா என்று ஒவ்வொன்றாகத் திருப்பினேன். ஈரமான ஊர்க்காரன் கவலை எனக்கு. வால்யூமைத் திருப்பினால் கரகர, ஜாக்கை ஆட்டினால் சத்தம் விட்டுவிட்டு வந்தது. இரண்டும் நூறு இருநூறு ரூபாய் வேலை. முகத்தை மட்டும் கவலையாக வைத்துக்கொண்டேன். ஜி கம்பியின் ஆறாம் ஃபிரெட்டில் சுரம் சீக்கிரம் செத்தது. இந்த வகை நீள நெக்குகளில் அந்தப் பக்கம் ஓரிடம் இப்படி இருப்பது சகஜம், விலை கூடினதிலும் உண்டு. அதற்காக நல்ல நெக்கை விடக் கூடாது. 14,000 சொன்னவர் 12,000க்கு இறங்கினார்.

கடைசி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு பர்லியார் வளைவுகளில் ஆடி ஆடி ஏறினேன். வீட்டில் எடுத்துப் பார்த்தால் நாலு கம்பியும் சுதி ஏறிக் கிடந்தன. கீழே வெயிலில் நீண்டிருந்த இரும்பு, மேலே குளிரில் சுருங்கிவிட்டது. பதறவில்லை. இரண்டு நாள் அப்படியே சுவரோரம் வைத்து, கிட்டார் இந்த ஊர்க் காற்றுக்குப் பழகிய பிறகே புதுக் கம்பி போட்டு உயரம் சரிசெய்தேன். 45 முதல் 105 வரை (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்) கனமுள்ள செட். முதலில் நெக், பிறகு கம்பி உயரம், கடைசியில் சுதி இடம். இந்த வரிசை மாறினால் செய்த வேலையையே திரும்பச் செய்ய வேண்டும். சுதி இடம் என்பது பன்னிரண்டாம் ஃபிரெட்டின் மேல் விரலை லேசாகத் தொட்டு மீட்டும் ஒலியும், அதே ஃபிரெட்டை அழுத்தி மீட்டும் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது. அழுத்தும்போது ஏறினால் சேடிலைப் பின்னால் தள்ள வேண்டும், இறங்கினால் முன்னால்.

குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி கார்த்திகை மழைதான் பெருமழை. அந்த வருடம் மழை பிடித்து இரண்டு வாரத்தில் கம்பி உயரம் ஏறியது. ஃபேக்டரியில் இலை வாட்டும் ட்ரஃப் பக்கம் இரண்டு வெப்பமானி தொங்கும், ஒன்றின் அடியில் ஈரத்துணி. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் காற்று ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது என்று அர்த்தம், சூடு காட்டாமல் இலை வாடாது. இலைக்கு ஒரு நியாயம் என்றால் மரத்துக்கும் அதுதானே என்று எனக்கு ஒரு மேதாவித்தனமான யோசனை. டிரையர் ரூமுக்கு இந்தப் பக்கம் உள்ள ஸ்டோரில், வெதுவெதுப்பான சுவரோரம் கிட்டாரை ஒரு வாரம் வைத்தேன்.

எடுத்து நெக்கில் கையை ஓட்டியபோது உள்ளங்கையில் கோடு விழுந்தது. மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது, உலோக ஃபிரெட் சுருங்கவில்லை. இருபத்துச் சொச்சம் ஃபிரெட்டின் முனையும் இரண்டு பக்கமும் ரம்பப் பல் மாதிரி துருத்தி நின்றது. ஃபிட்டர் அண்ணா சிரித்த சிரிப்பு ஃபேக்டரி முழுக்கக் கேட்டது. “டீத்தூள் ஆக்கலாம்னு வெச்சீங்களா தம்பி?” வீட்டுக்குள் திரும்பக் கொண்டுவந்து வைத்ததும் பத்து நாளில் பாதி உள்ளே போய்விட்டது. மிச்சத்தை அவரே பொடி அரத்தால், நெக்கில் டேப் ஒட்டிக்கொண்டு, தேய்த்துக் கொடுத்தார். இப்போது சமையலறைக்கும் வெளிச்சுவருக்கும் தள்ளி, உள்சுவரில், பைக்குள் வைக்கிறேன். வருடத்துக்கு இரண்டு தடவை, மழைக்கு முன் ஒன்று, தை மாத வறட்சியில் ஒன்று, கால் சுற்றுக்குள் திருகினால் போதுமானதாக இருக்கிறது. வாசித்ததும் கம்பியைப் பனியன் துணியால் துடைக்கிறேன். இந்த மூடுபனியில் துடைக்காமல் விட்டால் ஒரு மாதத்தில் கம்பி சொரசொரவென்று ஆகிவிடும்.

சர்ச்சில் இன்னொரு பாடம். பேஸை நேரே மிக்ஸரில் செருகினால் ஒலி தகரம் மாதிரி மெலிந்து வரும், நடுவில் டிஐ பாக்ஸ் என்று ஒரு சின்னப் பெட்டி வேண்டும். அதைவிட முக்கியம் எர்த். ஒரு ஞாயிறு கையில் கிட்டாரோடு மைக்கில் வாயை வைத்தேன், உதட்டில் சுரீரென்று அடித்தது. யாரோ மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் செருகியிருந்தார்கள். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைவது சகஜம்தான். ஆனால் மைக்கைத் தொட்டதும் அடித்தால் வாசிப்பை அந்த நிமிடமே நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். அன்று பேஸ் இல்லாமலேதான் ஆராதனை முடிந்தது.

பழைய கிட்டாரை என்ன செய்தாய் என்று கேட்கிறார்கள். கம்பிகளைக் கழற்றிவிட்டேன். கம்பி முறுக்கும் கீகளும் பட்டை மாட்டும் திருகுகளும் டப்பாவில் இருக்கின்றன, எப்போதாவது யாருக்காவது உதவும். நெக்கை ஃபிட்டர் அண்ணா கேட்டு வாங்கிக்கொண்டார். நல்ல காய்ந்த மரம், அரத்துக்குக் கைப்பிடி போடலாம் என்றார். போன வாரம் மழை பிடித்த மறுநாள் நான் கூப்பிடாமலே கேஜோடு வந்து நின்றபோது அவர் சட்டைப் பையில் அதுதான் இருந்தது. பிடியின் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி, ஐந்தாம் ஃபிரெட் அடையாளம்.